படிக்காமல் எரித்தவர்களும் படிக்காமல் காத்தவர்களும்

2015 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு ஊர் போன பனியன் கம்பெனி ஆட்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. கோவை - திருச்சி ரோடும் திருப்பூர் - தாராபுரம் ரோடும் வெட்டிக்கொள்கிற அவிநாசிபாளையம் நால்ரோட்டில் வழக்கமான லாரிச் சத்தம்கூட அன்று குறைவு. மாதம் ஒரு ஞாயிறு கூடிப் புஸ்தகம் பேசுகிற எங்கள் ஏழு பேருக்கு ஒரு கடைக்கு மேலே இருந்த அறை வாடகையில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. அன்று பேசுவதாக இருந்த நாவல் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்'. அறைக்குச் சொந்தக்காரர் காலையிலேயே வந்து, "இந்த ஒரு மாசம் வேண்டாமுங்க, நமக்கெதுக்கு ஊர்வம்பு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கூட்டத்தைத் தள்ளிப் போடலாம் என்று முதலில் சொன்ன வாய் அவருடையதும் இல்லை, என்னுடையது. முந்தின நாள் இரவே நான் நண்பர்களுக்குச் சொல்லிவிட்டேன். மதவாதத்துக்கு எதிராக எழுதுகிற கட்டுரையை வேறு எங்கிருந்தும் தொடங்க எனக்கு யோக்கியதை கிடையாது.

ஆனாலும் டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசத்தான் செய்தோம். அங்கே ஓர் இளைஞன் வந்து சேர்ந்தான். திருப்பூரில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. மணிக்கட்டில் காவிக் கயிறு. நாவலிலிருந்து நகல் எடுத்த சில பக்கங்களைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தான். சில வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு. "இதை எப்படிங்ணா நீங்க புஸ்தகம்னு பேசறீங்க" என்றான். முழுதாகப் படித்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவன் கட்சி அங்கேயே விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு எங்களில் ஒருவர், கொஞ்சம் வேண்டாத நேர்மைக்காரர், "நம்மில் எத்தனை பேர் படித்தோம்?" என்று கேட்டார். கருத்துரிமைக்காக ஒரு வாரமாக உரக்கப் பேசிக்கொண்டிருந்த ஏழு பேரில் கடைசிப் பக்கம்வரை படித்திருந்தவர்கள் இரண்டு பேர்.

இந்தக் கணக்கு என்னை இன்றுவரை விடவில்லை.

நடந்தது தெரிந்ததே. நாவல் வந்தது 2010இல், காலச்சுவடு வெளியீடாக. நாலு வருஷம் யாருக்கும் மனம் புண்படவில்லை. 2013இல் அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 2014 டிசம்பர் கடைசியில் திருச்செங்கோட்டில் புஸ்தகத்தை எரித்தார்கள். பக்கங்கள் நகலெடுக்கப்பட்டு ஊரெங்கும் போயின. 2015 ஜனவரி 9 அன்று கடையடைப்பு. 12ஆம் தேதி நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் 'சமாதானக் கூட்டம்'. நிபந்தனையில்லாத மன்னிப்பும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறும் உறுதியும் அங்கே எழுதி வாங்கப்பட்டன. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், இனி இருப்பது ப. முருகன் என்கிற சாதாரண ஆசிரியன்தான் என்று அவர் அறிவித்தது அதற்கு அடுத்து.

நாவலுக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷமாகக் குழந்தையில்லாத காளியும் பொன்னாவும் அதன் மையம். திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் தேர்த் திருவிழாவின் பதினாலாம் நாள் இரவில், பிள்ளையில்லாத பெண் முன்பின் தெரியாத ஆணோடு கூடிப் பிள்ளை பெறலாம், அது சாமி கொடுத்த பிள்ளை என்கிற பழைய வழக்கமொன்றை நாவல் கற்பிக்கிறது. சிவப்புக் கோடுகள் எல்லாம் இந்த இரவின் அடியில்தான். ஆனால் நாவலின் கனம் இந்த இரவில் இல்லை. அதற்கு முன்னால் வருகிற எத்தனையோ பகல்களில் இருக்கிறது. விசேஷ வீட்டில் பொன்னாவை ஒதுக்கி வைக்கிற கைகளில், இந்தச் சொத்தையெல்லாம் யார் ஆளப் போகிறார்கள் என்று கேட்கிற பங்காளிகளில், அக்கறை என்கிற பெயரில் இரண்டாம் கல்யாணத்துக்குத் தூண்டுகிற உறவில். அந்தத் தம்பதியர் செய்யாத நேர்த்தி இல்லை. உயிரைப் பணயம் வைத்து வறடிக்கல்லைச் சுற்றுவதுவரை போகிறார்கள். இவ்வளவு பக்தியோடு ஒரு மலையை எழுதிய நாவல் கொங்கு நாட்டில் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கலாம். இதில் பழிக்கப்படுவது சாமி அல்ல. சாமியைச் சாக்காக வைத்து ஒரு பெண்ணின் வயிற்றைக் கண்காணிக்கிற ஊர். ஊருக்கு இது நன்றாகவே புரிந்திருக்கிறது என்பது என் சந்தேகம். தன் முகத்தில் விழுந்த அடியை சாமியின் முகத்தில் விழுந்ததாகக் காட்டுவதற்குத்தான் மதம் அங்கே கூப்பிடப்பட்டது. மலைமேல் இருக்கிற சாமி பாதி ஆணும் பாதி பெண்ணும் என்பதை அந்தக் கூட்டத்தில் யாராவது ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருந்தால்!

நாவலில் எனக்குக் குறைகள் உண்டு. பதினாலாம் நாள் இரவு கொஞ்சம் அதிக வெளிச்சத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பாத்திரத்தின் கண்ணால் பார்க்க வேண்டிய இடத்தில் வழக்காறு சேகரிக்கிறவனின் கண் குறுக்கே வந்துவிடுகிறது. பெருமாள்முருகன் நிலத்தை எழுதும்போது இருக்கிற இறுக்கம் வழக்கத்தை விளக்கும்போது தளர்கிறது. முதல் பதிப்பின் முன்னுரையில் களஆய்வைப் பற்றிச் சொன்னதும் விமர்சனரீதியாக ஒரு பிழை என்றே நினைக்கிறேன். நாவலுக்கு வெளியே நாவலுக்குச் சாட்சி தேடியது அது. ஆதாரம் எங்கே, எந்தக் கல்வெட்டு, எந்த ஆவணம் என்று கேட்டவர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. இந்தக் குறைகளை 2015 ஜனவரியில் யாரும் பேச முடியவில்லை. எரிகிற புஸ்தகத்தின் சிற்ப அமைதியைப் பற்றி எப்படிப் பேசுவது? பேசினால் எதிரிக்கு உதவியதாகிவிடும். நண்பர்களும் பேசவிடவில்லை. மதவாதம் ஒரு நாவலை இரண்டு முறை கொல்கிறது. எரிக்கிறபோது ஒரு முறை. அதைக் காப்பாற்ற ஓடிவருகிறவர்களின் கையில் அது வெறும் கொடியாகிவிடுகிறபோது இன்னொரு முறை. இப்படிக் கொடி பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

அடிப்படைவாதம் என்கிற சொல்லை நாம் மிகவும் மலிவாகப் புழங்குகிறோம். பக்தி அதிகமானால் அடிப்படைவாதம் என்று ஒரு எண்ணம். அந்தச் சொல் அமெரிக்கப் புராட்டஸ்டன்டுகள் தங்களுக்குத் தாங்களே பெருமையோடு வைத்துக்கொண்டது. 1910க்கும் 1915க்கும் இடையில் அவர்கள் 'அடிப்படைகள்' என்ற தலைப்பில் பிரசுர வரிசை ஒன்று வெளியிட்டார்கள். பைபிளில் தவறே கிடையாது, அது சொல்வது சொல்வதுதான் என்பது அதன் சாரம். ஆக, அது ஆரம்பத்திலிருந்தே ஒரு வாசிப்பு முறை. ஒரு பிரதிக்கு ஒரே அர்த்தம், அந்த அர்த்தம் என் கையில், மறுத்தால் நீ பிரதிக்கு எதிரி. பக்திக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. என் பாட்டி மாரியம்மனைக் கண்டபடி திட்டுவாள். மழை பெய்யாத வருஷம் அவள் பேசிய பேச்சை இன்று யாராவது பேசினால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் போகும். திட்டிவிட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை மாவிளக்கு எடுத்துப் போவாள். அவளுக்கும் அம்மனுக்கும் நடுவில் புஸ்தகம் இல்லை, அமைப்பு இல்லை, செயலாளர் பொருளாளர் இல்லை.

கொங்கு நாட்டின் பெரிய கதையை எடுத்துக்கொள்ளலாம். அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், தங்கை. கோயில்களில் உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடப்படுவது. 1960களில் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி ஆராய்ச்சி செய்த பிரெண்டா பெக் அதை டேப்பில் பதிவு செய்தார். பாட்டாக ஜனங்கள் முன்னால் பாடப்பட்ட வடிவமும், உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதி எடுத்த வடிவமும் வேறு வேறாக இருந்ததை அவர் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். இதை அறியாமை என்றோ ஞாபகப் பிசகு என்றோ பாடுகிறவன் நினைக்க மாட்டான். கேட்கிறவனும் நினைக்க மாட்டான். முன்னால் உட்கார்ந்திருக்கிற ஊருக்குத் தகுந்தபடி கதை வளையும். சாமி வந்து ஆடுகிறவர்களுக்கு எந்தப் பாடம் அசல் என்கிற பிரச்னை கிடையாது. இந்த மண்ணின் மதம் இப்படித்தான் இருந்தது என்று நான் பெருமூச்சு விடப் போவதில்லை. அந்தக் கோயில் வாசலில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதில் அந்த மதம் கொஞ்சமும் வளைந்ததில்லை. கதையில் இருந்த தாராளம் வாசல்படியில் இல்லை. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கிராமிய மதத்தைப் பற்றிய பேச்சு வெறும் ரொமாண்டிக் புலம்பலாகிவிடும். 2011இல் டெல்லி பல்கலைக்கழகம் ஏ.கே. ராமானுஜனின் முந்நூறு ராமாயணங்கள் பற்றிய கட்டுரையைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தபோது அங்கே பயப்பட்டது ராமனை மறுப்பவர்களைப் பார்த்து அல்ல, ராமன் பல பேராக இருப்பதைப் பார்த்து. ஒன்றாக்குவது அரசியலுக்கு அவசியம். முந்நூறு ராமன்களை வைத்து ஓட்டு வாங்க முடியாது.

இங்கே எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். பெரியார் 1925இல் 'குடி அரசு' தொடங்கிய ஈரோடு எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. மதத்தை எதிர்ப்பது எப்படி என்று யாரும் எனக்குத் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை; இலக்கியத்தை எப்படி வாசிப்பது என்பதையும் அதே இடத்தில்தான் கற்றேன். கோளாறு இரண்டாவதில். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்கலாமா என்று அண்ணா ஒருபுறமும், ரா.பி. சேதுப்பிள்ளையும் பிறகு சோமசுந்தர பாரதியாரும் மறுபுறமுமாக விவாதித்தார்கள். 'தீ பரவட்டும்' என்று அது நூலாக வந்தது. அப்பா அதைப் பெட்டியில் வைத்திருந்தார். அதில் அண்ணாவின் பக்கம் நின்றுதான் நான் பேச்சுப்போட்டிகளில் ஜெயித்தேன். கம்பனை நாலு காண்டம் படித்தது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து.

1943ஐயும் 2014ஐயும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாராவது எழுதினால் அதற்கு நான் பொறுப்பல்ல. அங்கே தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் தங்களைத் தாழ்த்திய அதிகாரத்தின் முகத்தில் அடித்தார்கள்; எதிராளி பண்டிதர், ஒரே மேடையில் நின்று பதில் சொன்னார், கேட்டவர்கள் கேட்டார்கள், யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. இங்கே எண்ணிக்கையும் பணமும் நிலமும் உள்ள ஒரு சமூகம் தன் சொந்தப் பிள்ளையான ஒரு வாத்தியாரை வளைத்தது. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஆனால் காவியத்தை வேதமாக வாசிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதை எதிர்க்கப் போன நாமும் காவியத்தை வேதமாகத்தான் வாசித்தோம். அவர்கள் வணங்கினார்கள், நாம் எரிக்கச் சொன்னோம். வரிக்கு நேர் அர்த்தம் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. பகுத்தறிவு இயக்கம் இவ்வளவு வேரோடிய ஒரு பிரதேசத்தில், ஒரு நாவல் நாவல்தான், அது கோயில் தலபுராணம் இல்லை என்று சொல்ல ஊருக்குள் நாலு பேர் எழுந்து வராததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முழுக் காரணம் இல்லை. பயம் இருக்கிறது, சாதி இருக்கிறது.

சாதிக்கு வருவோம். திருச்செங்கோட்டில் எழுந்தது இந்து அமைப்புகளின் குரல் மட்டும் அல்ல, வட்டாரச் சாதி அமைப்புகளின் குரலும்தான். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தபோது எது எது என்று பிரிக்கிற காது நமக்கு இருக்கவில்லை. அதே வருஷம் ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்கிற தலித் மாணவர் உடன்படித்த பெண்ணோடு அதே மலைக்கோயிலுக்குப் போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் ஒரு சாதி அமைப்பின் தலைவரையும் கூட்டாளிகளையும் ஆயுள் தண்டனைக்கு அனுப்பியது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கோயிலில் பொருத்தியிருந்த காமிரா பதிவு முக்கியமான சாட்சியம்.

ஆறு மாதத்துக்குள் ஒரே மலையில் இரண்டு சம்பவங்கள். கோயிலின் புனிதம் கெட்டுவிட்டது என்று ஒரு நாவலுக்காகக் கடையடைத்த ஊர், அந்தக் கோயிலிலிருந்தே ஒரு பையன் கொண்டுபோகப்பட்டதற்கு எத்தனை கடையை அடைத்தது? மதத்தை அரசியலில் கலக்கிறார்கள் என்று நாம் சொல்லும்போது ஏதோ சுத்தமான பாலில் யாரோ வெளியாள் தண்ணீர் கலக்கிற மாதிரி ஒரு சித்திரம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் விஷயம் அப்படி இல்லை. சாதிக்கு வெளியே போட்டுக்கொள்ள ஒரு சட்டை தேவைப்படுகிறது. சாதியின் பெயரால் நாவலை எரித்தால் அது அசிங்கமாகத் தெரியும், மதத்தின் பெயரால் எரித்தால் புண்பட்ட மனமாகிவிடும். இந்தச் சட்டையைத் தைத்துத்தர அகில இந்திய அளவில் தையல்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். பீஸ் ரேட் கேட்பதில்லை, ஓட்டாகப் பிறகு வாங்கிக்கொள்கிறார்கள்.

சமாதானக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசாங்கம் அன்று செய்தது நடுநிலை என்று சொல்லப்பட்டது. ஒருபக்கம் ஒரு கும்பல், இன்னொரு பக்கம் ஒரு தனி மனிதன். இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குப் பெயர் நடுநிலை என்றால் அதை எங்கள் ஊர்க் கட்டப்பஞ்சாயத்தும் செய்யும், இன்னும் சீக்கிரமாக. ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த வழக்கு உட்பட மொத்தமாக விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுத்தும் சக்தி எதுவும் இல்லை என்றது. பிடிக்காத புஸ்தகத்தை வாசகன் மூடி வைத்துவிடலாம் என்றது. எழுத்தாளர் மறுபடி எழுதட்டும் என்று முடித்தது. தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் புஷ்பா சத்தியநாராயணாவும் நாவலை உள்ளபடியே படித்திருக்கிறார்கள் என்பது தீர்ப்பில் தெரிகிறது. ஒரு நாவலுக்கான விரிவான, பொறுமையான வாசிப்பை விமர்சகர்கள் செய்யாமல் நீதிபதிகள் செய்ய வேண்டிவந்தது என்று நான் சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

புண்படுதல் என்பது இயற்கையான உணர்ச்சி மட்டுமில்லை, சட்டத்தால் வளர்க்கப்பட்ட ஒன்றும்கூட. லாகூரில் நபியைப் பற்றிய ஒரு துண்டுப்பிரசுரத்தை வெளியிட்டவரைத் தண்டிக்கச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று நீதிமன்றம் 1927இல் விடுதலை செய்தது. அதே வருஷம் வெள்ளை அரசாங்கம் குற்றவியல் சட்டத்தில் 295அ பிரிவைச் சேர்த்தது. அந்தப் பதிப்பாளர் 1929இல் குத்திக் கொல்லப்பட்டார். சட்டம் அவரைக் காக்கவில்லை. பிரிவு மட்டும் தங்கிவிட்டது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்று எண் மாறியிருக்கிறது. என்ன சொன்னால் வழக்காகும் என்று அமைப்புகள் கணக்குப் போடுகின்றன. புண் முதலில் வருகிறதா, புகார் மனு முதலில் வருகிறதா என்பது பல சமயம் தெரிவதில்லை. 2010இல் அச்சான வரி 2014இல் வலிப்பதன் சூட்சுமம் இதில்தான்.

இவ்வளவையும் ஒரு முறை நான் திருப்பூரில் ஒரு நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர். கோயமுத்தூரிலிருந்து 1998க்குப் பிறகு குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, எங்களுக்கு எப்பக் கூட்டம் போட்டீங்க?" என்றார்.

1997 நவம்பர் 29 அன்று கோவை உக்கடத்தில் செல்வராஜ் என்கிற காவலர் முஸ்லிம் இளைஞர்களால் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் பலி, இருநூறு பேருக்கு மேல் காயம். தேர்தல் பிரச்சார நேரம். அந்தத் தேர்தலில் கோவைத் தொகுதியில் பா.ஜ.க. ஜெயித்தது, 1999இலும் ஜெயித்தது. முதல் தடவை அ.தி.மு.க. கூட்டணியில், இரண்டாம் தடவை தி.மு.க. கூட்டணியில். திராவிட இயக்கத்தின் இரண்டு கிளைகளும் தோள் கொடுத்தன என்பதைச் சரித்திரம் குறித்துவைத்திருக்கிறது. அந்த மூன்று மாதங்களைப் பற்றி எனக்குத் திருப்தி தந்த ஒரு நாவல் இன்றுவரை என் கையில் படவில்லை. நூறு கிலோமீட்டருக்குள் இத்தனை எழுத்தாளர்கள் இருக்கிறோம்.

அவருடைய கேள்வி அதோடு நிற்கவில்லை. 2007இல் தக்கலையில் கவிஞர் எச்.ஜி. ரசூலை ஒரு கட்டுரைக்காக ஜமாஅத் ஊர்விலக்கம் செய்தபோது என்ன செய்தீர்கள் என்றார். சில கையெழுத்துகள் போட்டோம் என்றேன். 2017 மார்ச் 16 இரவு கோவையில் ஃபாரூக்கை வெட்டிக் கொன்றபோது? ஃபாரூக் திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாத்திகரானவர், 31 வயது. கொன்றவர்கள் அவர் பிறந்த மதத்தைச் சேர்ந்தவர்கள். கடவுள் இல்லை என்கிற வாசகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அவருடைய தகப்பனார், தானும் மகன் இருந்த இயக்கத்தில் சேரப் போவதாகச் சொன்னார். எனக்குத் தெரிந்து தமிழில் அந்த வருஷம் சொல்லப்பட்ட மிகக் கனமான வாக்கியம் அது. எங்கள் வட்டம் அந்த ஞாயிறு வேறொரு கவிதைத் தொகுதியைப் பேசிக்கொண்டிருந்தது.

சிறுபான்மையின் மதவாதத்தைப் பேசினால் பெரும்பான்மையின் கைக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்கிற தயக்கம் எனக்கும் உண்டு. அது பொய்யான தயக்கம் இல்லை. அரசாங்கத்தைப் பிடிக்கக்கூடிய மதவாதமும், ஒரு தெருவை மட்டும் பிடித்துவைத்திருக்கிற மதவாதமும் சமம் என்று சொல்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறான். ஆனால் தெருவுக்குள் இருப்பவனுக்கு அந்தத் தெருதான் உலகம். ரசூலுக்கும் ஃபாரூக்குக்கும் நம் மௌனம் எந்த நியாயத்தைச் செய்தது? மதவாதி முதலில் அடிப்பது பக்கத்து மதத்துக்காரனை அல்ல, தன் வீட்டுக்குள் வேறு மாதிரி வாசிக்கிறவனை. பெருமாள்முருகன், ரசூல், ஃபாரூக் மூவரும் உள்ளேயிருந்து பேசியவர்கள். அவர்களைத் தனியே விட்டதில் நம் நாகரிகமான தயக்கத்துக்கும் பங்கு உண்டு. என் நண்பரிடம் இதை இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. டீக்குக் காசு அவர் கொடுத்தார்.

கூட்டம் போடுவது, கையெழுத்து வாங்குவது, கண்டன அறிக்கை எல்லாம் வேண்டும்தான். அவற்றைச் செய்ய இயக்கங்கள் இருக்கின்றன, நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். நானூறு பிரதி அச்சிடுகிற பத்திரிகைக்காரன் செய்யக்கூடியது வேறு. ஒரு வரிக்கு இரண்டாவது அர்த்தம் இருக்கிறது என்பதைக் காட்டுவது. அதைக் கோஷமாகச் சொல்லாமல் வரியை எடுத்து வைத்துக்கொண்டு காட்டுவது. மிகச் சின்ன வேலை என்று கேலி செய்யலாம். சிவப்புக் கோடு போட்ட பக்கத்துக்கு முந்தின பக்கத்தைக் கொடுக்க ஆள் இல்லாமல்தான் அந்த ஜனவரியில் எல்லாம் நடந்தது.

தீர்ப்பு வந்து பன்னிரண்டாம் நாள், 2016 ஜூலை 17, ஆடி பிறந்த மறுநாள் ஞாயிறு. எங்கள் வட்டத்து நண்பர் ஒருவரின் தறிக்குடோனில் கூடினோம். தறிகள் நின்றிருந்தன. பாவு நூல் ஏற்றியபடி இருக்க, நடுவில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பேசுவதில்லை, படிப்பது என்று முடிவு. ஆளுக்கு ஓர் அத்தியாயமாக வாய்விட்டுப் படித்தோம். காவிக் கயிறு இளைஞனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்து கதவோரமாக உட்கார்ந்திருந்தான். எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படியே அச்சில் இருப்பதைக் கேட்டு இரண்டு இடத்தில் சிரித்தான். விசேஷ வீட்டுப் பகுதி வந்தபோது தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பதினாலாம் நாள் இரவை எட்டும்போது இருட்டிவிட்டது. கடைசியில் காளி பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற இடத்தோடு படிப்பு முடிந்தது.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். "சாமி என்னங்ணா பண்ணுச்சு இதுல? பேசுனதெல்லாம் ஊருதானுங்களே." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த ராத்திரிய அவுரு எழுதாம விட்டிருக்கலாமுங்" என்றான். ஏன் என்றேன். "காளிக்குத் தெரியாதது நமக்கும் தெரியாம இருந்திருந்தா இன்னும் வலிச்சிருக்குமுங்." நான் மேலே சொன்ன குறையை அவனிடமிருந்து கடன் வாங்கித்தான் எழுதியிருக்கிறேன்.

புஸ்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு தாராபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். கயிறு கையில் இருந்தது. அடுத்த வருஷ விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்தில் அவனைப் பார்த்தேன், பார்த்தும் பார்க்காத மாதிரி போனான். புஸ்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. அக்காவிடம் இருக்கிறது என்று சொல்லியனுப்பியிருந்தான்.